பீவர் இல்லாத மகாவலியில் ‘பீவர் அவே’: ஒரு முன்னாய்வு

கடின உழைப்பைச் சொல்லும் ஆங்கிலக் கூட்டுவினைகள் கண்டி டியூஷன் வகுப்புகளில் படும் பாட்டை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராயும் தேவையும் எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே இக்கட்டுரை.

‘நக்கிள் டவுன்’, ‘பக்கிள் டவுன்’: இரண்டும் கீழ்நோக்கியவை. ஹந்தானை மலையில் கூடையோடு ஏறுகிறவர்களுக்கு உழைப்பு மேல்நோக்கியது. நிராகரிக்கப்படுகின்றன.

‘ஸ்லேவ் அவே’: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

சிக்கல் ‘பீவர் அவே’யில்தான். பீவர், மரத்தைக் கொறித்து ஆற்றில் அணை கட்டும் பிராணி. மகாவலியில் கிடையாது. நம் நீர்நாய் மீன் தின்பதோடு சரி (என் கொப்பி, பக்கம் 7). ஆனால் அணைகள் உண்டு: 1976இல் பொல்கொல்ல, 1985இல் பிரித்தானிய உதவியோடு 122 மீற்றர் உயர விக்டோரியா. அணைக்குக் காசு தந்தவர்கள் பிராணியை ஏன் தரவில்லை? அவர்களிடமே இருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டளவில் வேட்டையாடியே ஒழித்துவிட்டார்கள். 2009இல்தான் நோர்வேயில் பிடித்துவந்து ஸ்கொட்லாந்தின் நாப்டேல் காட்டில் விட்டார்கள். எனவே ‘அவே’ உழைப்பைக் குறிக்கவில்லை, பீவர் போயே போய்விட்டதைக் குறிக்கிறது என்பது எமது துணிபு (அதே கொப்பி, பக்கம் 7, தேத்தண்ணிக் கறைக்கு மேலே, மாற்றுக் கருத்துக்குக் கறைக்குக் கீழே, இரண்டையும் மறுக்கும் மூன்றாவது கருத்து கறைக்குள் இருப்பதாக நம்பப்படுகிறது). தன் கொப்பியைத் தானே மேற்கோள் காட்டலாமா என்று கேட்பவர் ஒருபோதும் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திராதவர்.

‘பர்ன் அவுட்’: மழைக்காலத்தில் ஆய்வு செய்ததால் தரவு கிடைக்கவில்லை.

எஞ்சியது ‘புட் இன்’. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து மாடியில் நடக்கும் என் வகுப்பில், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இதற்கு ‘பேர் போடுதல்’ என்று பொருள் எழுதியிருந்தாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். என் கையிலிருந்த விடையோ ‘நேரத்தையும் முயற்சியையும் செலவிடுதல்’. சொல்லுக்குச் சொல் பொருந்தவில்லை. முற்றிலும் பிழை என்றும் சொல்ல முடியவில்லை. ஆய்வின் கண்ணியம் கருதி அரைப் புள்ளி போட்டேன்.

தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எவ்வளவு கொழுந்து குறைஞ்சிச்சு சேர், அரைப்பேர் போட்டிருக்கீங்க?”