நீல மண்டலத்தில் ஒரு சிவப்புக் குன்று

2023-இல் டான் பியூட்னர் என்ற அமெரிக்கர் சிங்கப்பூரை உலகின் ஆறாவது ‘நீல மண்டலம்’ என்று அறிவித்தார். மனிதர்கள் நூறு வயதைச் சர்வசாதாரணமாகத் தொடும் இடங்களுக்கு அவர் பரப்பிய பெயர் அது. ஒகினாவா, சார்டீனியா, இப்போது நாம். நெட்ஃபிளிக்ஸில் படமாகவும் வந்துவிட்டதால் இனி மறுத்துப் பேச முடியாது. சராசரி ஆயுள் 83.

சராசரி ஒரு நல்ல பிள்ளை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒருவர் 66-இல் சாகட்டும், இன்னொருவர் 100-இல் சாகட்டும், சராசரி 83-தான். படம் பிடிக்க வருகிறவர்கள் நூறு வயதுக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

இத்தனை நீலத்துக்கு நடுவில் இந்தப் பேட்டையின் பெயர் மட்டும் புக்கிட் மேரா, சிவப்புக் குன்று. பெயர் வந்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கடலிலிருந்து வாள்மீன்கள் பாய்ந்து வந்து கரையில் நின்றவர்களைக் குத்திக் கொன்றன. ராஜா யோசித்தார், ஆட்களை வரிசையாக நிறுத்திக் காலாலேயே வேலி கட்டச் சொன்னார். சாவு கூடியது. ஒரு சிறுவன், “ஆளுக்குப் பதில் வாழைத்தண்டை நடலாமே” என்றான். மீன்கள் மூக்கோடு மாட்டிக்கொண்டன, ஊர் பிழைத்தது. இவ்வளவு விவரமான பயல் வளர்ந்தால் நமக்கு ஆகாது என்று ராஜா அவனைக் கொல்ல ஆளனுப்பினார். அந்த ரத்தத்தில்தான் குன்று சிவந்ததாம். தீவின் முதல் பொதுச் சுகாதார ஆலோசகர் அவன். கட்டணத்தையும் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

பின்னால் வந்த ஆலோசகர் வெள்ளைக்காரர், ஆகவே தப்பித்தார். கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜே. சிம்சன் 1907-இல் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். கடைவீடுகளுக்குள் பலகை அடித்துப் பிரித்த, சன்னலே இல்லாத பொந்துகளில் கூலிகள் படுத்திருந்தார்கள். காசநோயும் கூடவே படுத்திருந்தது. சிம்சன் காற்றும் வெளிச்சமும் நுழையாத சுவரைக் காட்டினார். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளை உடைத்துப் பின்சந்து விடுங்கள் என்றார். அரசாங்கம் தீவிரமாகச் சிந்தித்து 1927-இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. இருபது வருஷம். அதற்குள் இருமியவர்கள் இருமி முடித்திருந்தார்கள்.

அந்த அமைப்பு 1936 முதல் தியோங் பாருவில் அழகான அடுக்குவீடுகளைத் திறந்தது. ‘தியோங்’ ஹொக்கியனில் கல்லறை, ‘பாரு’ மலாயில் புதியது. புதுக் கல்லறைமேல் குடியேறியவர்கள் பொந்துக் கூலிகள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. வசதியுள்ளவர்களும், அவர்கள் வைத்துக்கொண்டிருந்தவர்களும்.

1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பம் எரிந்தது. நால்வர் இறந்தார்கள், ஏறத்தாழ 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, மளமளவென்று புளோக்குகளை எழுப்பியது. குழாய், கழிப்பறை, சன்னல். இதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகட்டும். அதுதான் வாழைத்தண்டு வேலி.

வேலி கட்டியவர்களுக்கு எண்ணவும் தெரியும். உலகத்தில் இவர்களைப்போல எண்ணுகிறவர்கள் குறைவு. மறுவிற்பனை வீடு எந்தத் தெருவில், எந்த மாடியில், என்ன விலைக்குப் போனது என்று எவரும் பார்க்கலாம். புக்கிட் மேராவில் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும் வீவக வீடுகள் சர்வசாதாரணம். டெங்கிக் கொசுவுக்கும் முகவரி உண்டு: பத்துப் பேருக்கோ அதற்குமேலோ காய்ச்சல் என்றால் அந்த வட்டாரத்தில் சிவப்புப் பதாகை, குறைந்தால் மஞ்சள். மரணம் மட்டும் வருடாந்தர அறிக்கையில் இனம், பால், வயது, காரணம் என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிறது. எந்த மின்தூக்கியில் இறங்கி வந்தது என்று அதனிடம் கேட்பது நாகரிகம் இல்லை.

நாகரிகம் தெரியாத ஊர்கள் கேட்கின்றன. கிளாஸ்கோவின் கால்டனில் ஆணின் ஆயுள் 54, சில கிலோமீட்டர் தள்ளி லென்சியில் 82 என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-இல் அச்சிலேயே போட்டது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கிழக்கே போனால் ஒவ்வொரு ரயில் நிலையத்துக்கும் ஏறத்தாழ ஒரு வருஷம் ஆயுள் குறைகிறது என்று கணக்குப் போட்டார்கள். தியோங் பாருவிலிருந்து இதே பேட்டையின் ரெட்ஹில்லுக்கும் ஒரே நிலையம்தான். நம் ரயிலில் கதவு மூடும்போது கவனம் என்று மட்டும் சொல்வார்கள்.

இங்கேயும் ஒரு சின்ன அபசாரம் நடந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மருத்துவர்கள் சிலர் நோயாளிகளின் முகவரியைப் பார்த்துவிட்டார்கள். 2016-இல் வெளிவந்த அவர்கள் ஆய்வு, வாடகை வீவக வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி மருத்துவமனைக்குத் திரும்புகிறார்கள், அவசரப் பிரிவுக்கும் அதிகம் வருகிறார்கள் என்றது. வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதலாம். வீட்டை எழுதிக் கொடுக்க முடியாதே!

முகவரிப்படி எண்ண வராது என்று யாரும் சமாளிக்க வேண்டாம். 2020-இல் தினமும் எண்ணினார்கள். ‘சமூகத்தில்’ இத்தனை கோவிட், ‘விடுதிகளில்’ இத்தனை. அந்த டிசம்பரில் கூட்டிப் பார்த்தபோது விடுதிகளில் இருந்த 323,000 வெளிநாட்டு ஊழியர்களில் 47 விழுக்காட்டினரைத் தொற்று தொட்டிருந்தது. பட்டுக்கோட்டைப் பையனும் அறந்தாங்கிப் பையனும் அந்த இரண்டாம் பத்தியில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காசைச் செலவழிக்கும்போது சமூகம். பன்னிரண்டு பேர் ஓர் அறையில் மூச்சுவிடும்போது விடுதி.

ரெட்ஹில் பக்கம் ஓரறை வாடகை வீடுகள் உள்ள புளோக் ஒன்றுக்கு வாருங்கள். முப்பத்துச் சொச்சம் சதுர மீட்டரில் முன்பின் தெரியாத இரண்டு கிழவர்கள், நடுவே ஒரு திரைத்துணி. திட்டத்தின் பெயர் ‘ஒற்றையர் கூட்டுத் திட்டம்’. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. ஒருவர் போய்விட்டால், கீழ்த்தளத்தில் மேசை போட்டுக் கடலை உடைத்து மூன்று இரவு விழித்திருக்க ஆள் வேண்டும். ஆள் இருந்திருந்தால் அவர் இங்கே ஏன் வந்திருப்பார்? மீந்தவர் திரையை விலக்கிவிட்டு அடுத்த அந்நியருக்கு இடம் ஒதுக்குகிறார். மின்தூக்கி வாசலில் சிவப்புப் பதாகை தொங்குகிறது. பூச்சட்டியில் தண்ணீர் தேங்க விடக்கூடாதாம்.