வெளிச்சத்துக்கும் ஓடிபி

சுவிட்சைப் போட இந்த நாட்டில் இதுவரை யாரும் பெயர் கேட்டதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை முக்காலி போட்டு ஏறிப் போடும். கண் மங்கிய கிழவி சுவரைத் தடவிப் போடுவாள். வட்டி கேட்க வந்தவன்கூட, திண்ணை இருட்டாக இருந்தால், தானே போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பான். ரேஷன் கார்டோ ஆதாரோ பாஸ்புக்கோ காட்டாமல் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போய், விளக்குப் போடுவது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதிலும் கை வைத்துவிட்டார்கள்.

கனகம்மாசத்திரம், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிக்கு முன்னால், திருப்பதி சாலையில் இருக்கிற எங்கள் ஊர். புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டி நடந்து போகிறவர்கள் கால் நீட்டி உட்காருகிற வழி. பெரிய கடைத்தெரு இல்லை. ஆனால் ஸ்மார்ட் பல்பு வந்துவிட்டது, ஸ்மார்ட் பிளக் வந்துவிட்டது, வாசலை முறைத்துப் பார்க்கும் வைஃபை கேமராவும் வந்துவிட்டது. ஓஎம்ஆரிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு வேட்டி சேலையோடு இதையும் ஒன்று வாங்கி வருகிறார்கள். மாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனதும் தொடங்குகிறது கச்சேரி.

பெட்டியைப் பிரித்தால் பல்பு இருக்கும். எப்படி எரிய வைப்பது என்று எழுதியிருக்காது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் மட்டும் இருக்கும், அதைச் செல்போனில் பிடிக்க வேண்டும். ஆப் இறங்கும். இறங்கியதும் செல்போன் எண் கேட்கும், மின்னஞ்சல் கேட்கும், எந்த நாடு என்று கேட்கும், சில மகானுபாவர்கள் பிறந்த தேதியும் கேட்பார்கள். ஒன்பது வாட் பல்புக்கு எதற்கய்யா என் பிறந்த தேதி? நட்சத்திரப் பொருத்தம் பார்த்துத்தான் எரியுமோ?

அடுத்தது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமாம். வேறு எங்கே, பல்புக்குக் கீழேதான். இதற்கு அவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள், அது முழுப் பொய்யும் அல்ல. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை வைத்தே ஒருவன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால், 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், வைஃபையைத் தேடுகிற ஆப் இருப்பிட அனுமதி வாங்கியாக வேண்டும் என்று கூகுள் வைத்தது. வேவு பார்ப்பவனைத் தடுக்கப் போட்ட பூட்டு அது. 2022-இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, இருப்பிடத்தைத் தொடாமலே பக்கத்துக் கருவியைத் தேட ஒரு தனி அனுமதியும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ ஆப்கள் பழைய பூட்டுக்கே சாவி கேட்டு வாசலில் நிற்கின்றன. கொடுத்த சாவியைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

சரி, கொடுத்தாயிற்று. பல்பு இப்போது தானாக ஒரு வைஃபையைக் கிளப்பும். போன் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு அதில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த மறுகணம் போன், "இங்கே நெட்டே இல்லையே" என்று மிரண்டு சிம் கார்டு நெட்டுக்குத் தாவிவிடும். ஆப் கையை விரித்துவிடும்: "இணைக்க முடியவில்லை. மீண்டும் முயல்க." ஏன் முடியவில்லை? சொல்லாது. விலை மலிவான பல்பும் பிளக்கும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தவிர வேறெதையும் கேட்காது. புது ரூட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது. போன் வேகமான 5-இல் போய் உட்காரும், பல்பு 2.4-இல் தேடிக்கொண்டிருக்கும். இதைப் பெட்டியின் மேல் ஒரு வரி எழுதினால் எத்தனை மாலைப் பொழுதுகள் மிச்சமாகும்! எழுதுகிறார்கள், எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில்.

இந்த 2.4 அலைவரிசைக்கு ஒரு கதை உண்டு. வீட்டில் சின்னக் கருவிகளுக்கு இதைப் பயன்படுத்த யாரும் உரிமம் வாங்க வேண்டாம், இஷ்டம்போல் வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்திய அரசு 2005-இல் திறந்துவிட்டது. ஒரு கைப்பிடிக் காற்றுக்கும் லைசென்ஸ் கேட்ட அரசாங்கமே வேண்டாம் என்று சொன்ன இடத்தில், இன்று பல்பு விற்கிறவன் மேசை போட்டு உட்கார்ந்து, "கணக்குத் தொடங்கு, கையெழுத்துப் போடு, நாற்பது பக்க நிபந்தனையைப் படித்தேன் என்று ஒப்புக்கொள்" என்கிறான். லைசென்ஸ் ராஜ் ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது? அரசாங்கத்திடமிருந்து கம்பெனிக்கு மாற்றலாகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாற்பது பக்கமும் ஆங்கிலம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி.யோடு எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். எந்த மொழியில் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று அடிபட்டு உதைபட்ட தாலுகா இது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று இரண்டையும் சண்டையில்லாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே இன்று வாசல் விளக்கின் நிர்வாக மொழி ஆங்கிலம். சிலது தமிழும் பேசும். "சாதனம் தோல்வியடைந்தது" என்று. தோற்றது யார் என்று நமக்குத் தெரியாதா?

இணைந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். இந்தப் பல்புகளில் பலவற்றைப் பழையபடி ஆக்க, சுவிட்சை ஐந்தாறு முறை அடுத்தடுத்துப் போட்டு அணைக்க வேண்டும். உடனே பல்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, 'என்னை இணை, என்னை இணை' என்று கண் சிமிட்ட ஆரம்பிக்கும். ஐப்பசிக் காற்றில் எங்கள் பக்கம் கரண்ட் எப்படி வரும் என்பதை அந்தப் பல்பைச் செய்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வரும், போகும், வரும், போகும், வரும். மழை இரவில், வெளிச்சம் அவசரமாக வேண்டிய நேரத்தில், வாசல் பல்பு ஞாபகமறதி வந்து சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். மகன் நியூஜெர்சியில். போன வருஷம் வந்தபோது பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, சுவரில் ஒரு வெள்ளைத் தகட்டை ஒட்டி, எல்லாவற்றையும் தன் போனில் சேர்த்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். விடியற்காலையில் கோலம் போட எழுந்தால் அவர் செய்கிற முதல் வேலை அமெரிக்காவுக்குப் போன் போடுவது. "நைனா, வாசல் லைட்டைக் கொஞ்சம் போடு நைனா." அங்கே முந்தின நாள் சாயங்காலம். மகன் காரை ஓரங்கட்டி, போனைத் தடவி, கனகம்மாசத்திரத்தில் விளக்கேற்றுவார். அந்தக் கட்டளை கடல் கடந்து எங்கோ ஒரு சர்வரில் தலை வணங்கிவிட்டு, பாட்டியின் தலைக்கு மேல் ஆறடி உயரத்தில் வந்து இறங்கும். மகன் கூட்டத்தில் இருந்தால் பாட்டி இருட்டிலேயே புள்ளி வைப்பார்.

சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த சுவிட்ச் வீட்டிலிருந்த எல்லோருக்கும் பொது. மாமியார், மருமகள், வேலைக்கு வருகிற அம்மாள், விருந்தாளி, யார் வேண்டுமானாலும் போடலாம். ஆப் வந்ததும் வீட்டுக்கு ஒரு முதலாளி முளைத்துவிட்டான். டச் போன் யாரிடமோ, கணக்கு யார் பெயரிலோ, அவன்தான் முதலாளி. பெரும்பாலும் ஆண்பிள்ளை. மற்றவர்களை அவன் 'உறுப்பினர்' என்று சேர்த்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் நீக்கலாம். வீட்டுக்காரிக்கு மின்விசிறி போட அனுமதி வழங்கும் அதிகாரத்தை ஒரு பொத்தானாக வடிவமைத்து, அதற்கு வசதி என்று பெயர் வைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

கேமரா இன்னும் கொடுமை. கதவுக்குக் காவல் என்று வாங்கினால் அது யாருக்குக் காவல் என்று தெரிய நாளாகிறது. அமேசானுடைய ரிங் கேமரா கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை எடுத்துப் பார்த்தார்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலரில் சமரசம் முடிந்தது. அந்தக் கம்பெனிக்கு அது டீச்செலவு. நம் அரசும் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது, நல்லது. சோதனையில் தேறிய கேமராவும் ஆப் இல்லாமல் கண் திறக்குமா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேலான மோசடி, காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒரு நாள் செத்துப்போவது. பழுதாகிச் சாகாது, கொல்லப்படும். 2014-இல் கூகுளின் நெஸ்ட், ரெவால்வ் என்ற சின்னக் கம்பெனியை வாங்கியது. வீட்டுக் கருவிகளை எல்லாம் இணைக்கும் அதன் பெட்டி 300 டாலர். 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். மறுநாள் அந்தப் பெட்டி கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க உதவியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி, சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்தது. ஜனங்கள் வீட்டு விளக்கு ஏன் கேட்கவில்லை என்று ரூட்டரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் வாடிக்கையாளர்கள் சிலரே பணம் போட்டு அந்தக் கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். விளக்கெரிய வேண்டுமானால் கம்பெனியையே வாங்கு! பெல்கின் கம்பெனி தன்னுடைய வீமோ பிளக், சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31 என்று நாள் குறித்தது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் சர்வர்கள் படுத்தபோது, ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய எயிட் ஸ்லீப் மெத்தைகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் சிலருக்குக் கொதித்தன. படுத்துத் தூங்கவும் நெட் வேண்டும் என்கிற அளவுக்கு மனித குலம் முன்னேறியிருக்கிறது. கோரைப்பாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது.

சூரனை முடித்த முருகன் சினம் ஆறி வந்து அமர்ந்த மலை என்பதால், திருத்தணியில் கந்தசஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். அந்த மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தனை கோபம் ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். முருகன் எறிந்த வேல் சொன்ன வேலையைச் செய்துவிட்டுத் திரும்பி வந்தது சுவாமி. நடுவழியில் நின்று ஃபர்ம்வேர் அப்டேட் கேட்கவில்லை.

தொழில்நுட்பம் என்றாலே எரிச்சல் படுகிற கிழடு என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். புனேக்காரர் ஒருவர் உருவாக்கிய 'நானோ கணேஷ்' என்ற கருவி 2009-இல் நோக்கியா நடத்திய உலகப் போட்டியில் பரிசு வாங்கியது. வயல் மோட்டாரோடு ஒரு செல்போனைச் சேர்த்து வைத்து, விவசாயி வீட்டிலிருந்தே பட்டன் போனில் எண்ணை அழுத்தி மோட்டாரை ஓடவிடும் ஏற்பாடு. திருவாலங்காடு பக்கம் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களிடமும் அந்த மாதிரி மொபைல் ஸ்டார்ட்டர்களைப் பார்க்கலாம். ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடும். கணக்கு, மின்னஞ்சல், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். ராத்திரியில் பாம்பை மிதிக்காமல் பாதிப் பேர் தூங்குகிறார்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் பட்டன் போனில் ஓட்ட முடிந்த நாட்டில், ஒன்பது வாட் பல்பை டச் போன் இல்லாமல் எரிக்க முடியாது என்றால் அது முடியாமை அல்ல, வேண்டுமென்றே செய்வது. பல்பு ஒரு தடவை விற்கும். உங்கள் எண்ணும், நீங்கள் எப்போது படுக்கிறீர்கள், எப்போது எழுகிறீர்கள் என்ற கணக்கும் திரும்பத் திரும்ப விற்கும்.

தடுக்க வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள்? பொட்டலப் பொருள்களுக்கு 2011-இல் வந்த விதிகளின்படி, பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் முகவரி, புகார் சொல்ல எண் எல்லாம் இருக்க வேண்டும். இட்லி மாவுப் பாக்கெட்டில்கூட எத்தனை நாளைக்கு நல்லது என்று போட வேண்டும். ஆயிரம் ரூபாய் பிளக்கில் மட்டும், 'இது எங்கள் சர்வர் உயிரோடு இருக்கும்வரை, எங்கள் இஷ்டம் இருக்கும்வரை' என்று போட வேண்டியதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் வீட்டுக் கருவியை விற்கிறவன் எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவேன் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது என்று சட்டம். டெல்லியில் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2022-இல் ஒரு இணையதளம் திறந்தார்கள். உரிமைக்கும் இணையதளம்தான், நல்ல வேளை ஆப் இல்லை. சட்டம் செய்ய ரொம்ப மூளை வேண்டாம். விலைக்குப் பக்கத்தில் இரண்டே வரி: ஆப் இல்லாமல் வேலை செய்யுமா, செய்யாதா. சர்வர் எந்தத் தேதி வரை. தேதிக்கு முன்னால் நிறுத்தினால் விலை வட்டியோடு திரும்ப வரும் என்று மூன்றாவது வரியும் போட்டால், எத்தனை சர்வர்களுக்குத் திடீரென்று ஆயுசு கெட்டியாகிறது என்று பார்க்கலாம்.

கடைத்தெருவில் எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன் இருக்கிறான். பல்பு மாட்ட இருபது ரூபாய், போனைக் கையில் வாங்கினால் இருநூறு என்பது அவனுடைய கட்டணம். இருநூறும் கட்டுப்படியாகவில்லை என்கிறான், பாதி நாள் வீட்டுக்காரர்கள் மறந்த பாஸ்வேர்டைத் தேடுவதிலேயே போய்விடுகிறதாம். போன வாரம் சென்னையிலிருந்து சேல்ஸ்மேன் ஒருவர் ஸ்மார்ட் சுவிட்ச் பெட்டிகளோடு கடைக்கு வந்தார். பையன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நெட்டு இல்லாட்டி எரியுமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றான். சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஆப்புலயே போட்டிருக்கு தம்பி, ஸ்கேன் பண்ணிப் பாரு" என்றார்.

பையன் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர் பையிலேயே திரும்ப வைத்தான். "எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றான்.