கடைமடைக்கு வந்த பில்

காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வேதாரண்யம் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லைச் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. ஏட்டையா ஏறி ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்தார். என் தாம்பூலப் பையில் தேங்காய் உருண்டையாகத் தட்டுப்பட்டதும் பாட்டில் என்று நினைத்து முகம் மலர்ந்தார். எடுத்துப் பார்த்து ஏமாந்தார். பின்சீட்டுப் பெரியவருக்குக் கோபம். “ஏன் தம்பி, இங்கேருந்து இங்க போய்ட்டு வர்றதுக்குக் கூடவா சோதனை? நடுவுல என்ன கடலா ஓடுது?”

ஏட்டையாவுக்குப் பதில் தெரியவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்? பதில் வியன்னாவில் இருக்கிறது.

1740-ல் ஆஸ்திரிய மன்னர் செத்துப்போனார். மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வரலாமா கூடாதா என்று பங்காளித் தகராறு. இங்கிலாந்து ஒரு கட்சி, பிரான்ஸ் எதிர்க்கட்சி. அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க வாகான இடமாக அவர்கள் கண்டுபிடித்தது நாகப்பட்டினத்துக் கடலை. 1746 ஜூலை 6-ல் அங்கே பீரங்கி வெடித்தது. 1758 ஆகஸ்ட் 3-ல் மறுபடியும். இந்தத் தடவை ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர். 1782-ல் மூன்றாவது தடவை. அமெரிக்காக்காரன் விடுதலை கேட்டான், அதற்காக. அதுவும் எந்தத் தேதியில்? அதே ஜூலை 6. ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கக் கோடிக்கரைக்கு வருகிற ஜனங்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

இதில் முதல் இரண்டுக்கும் பாடப்புத்தகம் வைத்த பெயர் கர்நாடகப் போர். கொளுத்தியவன் பெயரை விட்டுவிட்டு எரிந்த வீட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். முதல் போர் முடிந்து 1748-ல் சமாதானம் பேசியபோது பிரான்ஸ் சென்னப்பட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வட அமெரிக்காவில் மீனுக்கும் கருவாட்டுக்கும் பேர்போன லூயிபூர்க் கோட்டையை வாங்கிக்கொண்டது. கோடிக்கரைக் கருவாட்டு ஏலத்தில்கூடச் சரக்கை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நம் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். தஞ்சாவூர் மராட்டிய இளவரசர் சாகுஜியை எப்படி விடுவது? 1738-ல், அரியணைக்கு உதவினால் காரைக்கால் தருகிறேன் என்று பிரெஞ்சுக்காரனிடம் சொன்னார். ஏறியதும் பின்வாங்கினார். சந்தா சாகிப் என்ற படைத்தலைவர் பிடித்துக் கொடுக்க, 1739-ல் காரைக்கால் போயே போய்விட்டது. பிறகு அரியணையும் போனது. சளைத்தாரா? 1749-ல் இங்கிலீஷ்காரனிடம் போய், அரியணை வாங்கித் தந்தால் கொள்ளிடம் முகத்துவாரத்துத் தேவிக்கோட்டை உனக்கு என்றார். நியாயத்தை நிலைநாட்டக் கம்பெனிப் படை கிளம்பியது. கோட்டையைப் பிடித்ததும் நியாயம் கையிலே வந்துவிட்டது. அரியணையில் இருந்த பிரதாப சிங்குடன் ராஜி: கோட்டை கம்பெனிக்கு, போர்ச் செலவு ராஜா தலையில், சாகுஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் படி. வாடிக்கையாளரையே அடகு வைத்த வக்கீலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, தேவிக்கோட்டை பார்த்திருக்கிறது.

1758-ல் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி துரைக்குச் சூது தெரியாது, பசி தெரியும். சந்தா சாகிப்புக்குப் பிரதாப சிங் எழுதிக்கொடுத்த பழைய கடன் பத்திரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்பினார். சிப்பாய்களுக்குச் சோறு கிடையாது. நாகூரில் வசூல் பண்ணும் உரிமையைத் தன் குதிரைப்படைத் தலைவன் ஒருவனுக்கே குத்தகைக்கு விட்டார். நம் ஊரில் சந்தை ஏலம், மீன் குத்தகை எல்லாம் உண்டு, கொள்ளைக் குத்தகையை அவர்தான் அறிமுகம் செய்தார். அடுத்து கீழ்வேளூர். அங்கே சுவாமியின் பெயர் கேடிலியப்பர். கேடு இல்லாதவர் வீட்டுக்குள் கேடு பூட்ஸ் காலோடு நுழைந்தது. வீடுகளைக் கிளறினார்கள், குளங்களைத் துழாவினார்கள், விக்கிரகங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். உரசிப் பார்த்தால் தங்கம் இல்லை, பித்தளை. வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? உளவாளிகள் என்று ஆறு குருக்களைப் பிடித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அந்த ஆறு பேருக்கு மரியா தெரேசா யாரென்று தெரிந்திருக்காது.

தஞ்சைக் கோட்டை மசியவில்லை. மருந்தும் குண்டும் தீர்ந்து, லாலி காரைக்காலுக்குத் திரும்பி ஓடினார். எட்டு வருஷம் கழித்து அவர் தலையை அவர் அரசாங்கமே பாரிஸில் வெட்டியது. கீழ்வேளூருக்காக அல்ல; தோற்றதற்காக.

இதையெல்லாம் மன்னித்தாலும் ஒன்றைக் கடைமடைக்காரன் மன்னிக்க மாட்டான். 1754-ல், தஞ்சாவூர் இங்கிலீஷ்காரன் பக்கம் நிற்கிறது என்பதற்காக, பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கோயிலடிக்கருகே கரையை வெட்டிக் காவிரியைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டன. ராஜா கோட்டைக்குள் இருந்தார். வாய்க்கால் வாயைப் பார்த்து நின்றவன் குடியானவன். மேட்டூர் திறந்த பிறகும் தண்ணீர் எப்போது எட்டும் என்று வேதாரண்யத்தில் விரல்விட்டு எண்ணுகிறோமே, எங்களுக்கு அந்த வருஷத்தை யாரும் விளக்க வேண்டாம்.

இவன் தோற்றான், அவன் ஜெயித்தான். சரி, ஜெயித்தவன் நல்லவனா? 1773-ல் கம்பெனிப் படையே தஞ்சாவூரைப் பிடித்து ஆற்காட்டு நவாபுக்குக் கொடுத்தது. நவாபுக்குக் கடன் கொடுத்த பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தன், தஞ்சை வயலில் நிற்கிற பயிரே தனக்கு அடகு என்றான். ராஜாவுக்கு நாட்டைத் திருப்பித் தந்த கவர்னர் பிகாட்டை 1776-ல் அவர் சபையாரே சிறை வைத்தார்கள்; காவலிலேயே செத்தார். 1799-ல் தஞ்சை ராஜா சரபோஜியிடம் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடித்தார்கள். அவருக்குக் கோட்டையும் உபகாரச் சம்பளமும், கம்பெனிக்காரனுக்கு நாடு.

1805-ல் உப்பு கம்பெனியின் ஏகபோகம். எங்கள் கடல், எங்கள் வெயில், பாத்தியில் வெடித்த எங்கள் பாதம், வரி அவனுக்கு. 1930 ஏப்ரல் 30 அன்று இங்கே ராஜாஜி உப்பள்ளிக் கைதானார் என்றால், அந்த வழக்கின் முதல் தாக்கீது நாகப்பட்டினத்துக் கடலில் 1746-லேயே எழுதியாயிற்று.

பஸ் கிளம்பியது. பெரியவர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்: “ஏட்டையாவைத் திட்டாதீங்க ஐயா. சாகுஜின்னு ஒருத்தர் நாற்காலிக்காக எழுதின சீட்டு, அது இன்னும் செல்லுது.”

“எந்தக் கட்சி?” என்று கேட்டார்.