குழாய்க்குச் சாரம் கட்டியவர்

திருநெல்வேலியில் குளிர் என்பது பாதிக்கு மேல் பேச்சுதான். மார்கழி விடியற்காலையில் பாளையங்கோட்டையில் 22, 23 டிகிரி இருக்கும். அதற்கே காதைச் சுற்றி மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டு, "யப்பா, என்னா குளிரு!" என்று ஒருவர் தொடங்கினால் பெஞ்சு முழுக்க ஆமோதிக்கும். தண்ணீர் உறைய வேண்டுமென்றால் அந்த இடத்திலிருந்து இன்னும் 22 டிகிரி கீழே இறங்க வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. உறைபனி பார்க்க வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போய், அதற்கும் அப்பால் தலைகுந்தா, அவலாஞ்சி என்று அலைய வேண்டும். அங்கேயும் புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்து, வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும்.

இந்த ஊரில்தான் எங்கள் தெரு அண்ணாச்சி, மொட்டைமாடிக் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று பயந்து, அதற்குப் பழைய சாரத்தைச் சுற்றிச் சணல் கயிற்றால் வரிந்து கட்டி வைத்திருக்கிறார். (வெளியூர்க்காரர்களுக்காக: சாரம் என்றால் எங்களுக்கு லுங்கி.) டேங்கிலிருந்து இறங்கும் பைப்புக்கு நீலக்கட்டம், எல்போவுக்குச் சிவப்புக்கட்டம். திருகுக் குழாயின் கழுத்தில் மஃப்ளர். தூரத்திலிருந்து பார்த்தால் நாலைந்து பேர் மாடியில் குளிரில் ஒடுங்கி நிற்பதுபோல இருக்கும்.

அண்ணாச்சிக்குப் பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அரசு உத்தியோகம், ஓய்வு, பென்ஷன், அமெரிக்காவில் மகள் அல்லது மகன், ஆறு மாதத் தங்கல். இந்த வகையில் இரண்டு கிளைகள் உண்டு. பிள்ளைகள் விவரமானவர்களாக இருந்தால் சித்திரையில் டிக்கெட் எடுத்து ஐப்பசிக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர்கள் நயாகராவையும், தரையில் ஒரு காகிதம்கூட இல்லாத தெருவையும் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிற சாதுக்கள். பேரப்பிள்ளை தை மாதத்தில் பிறக்கத் தீர்மானித்து, பிரசவம் பார்க்கப் போனவர்கள் இரண்டாவது கிளை. போகும்போது ரிட்டயர்டு ஹெட்கிளார்க்காகப் போனவர்கள் வரும்போது பிளம்பராக வருவார்கள்.

நம் அண்ணாச்சிக்கு வாய்த்தது மினசோட்டா. ஏரி உறைந்து, அதன் மேல் கார் ஓட்டிப் போய், துளை போட்டு மீன் பிடிக்கிற ஊர்.

"மிசிசிப்பி ஆறு மேல ஐஸ் மூடிக் கெடக்கு தம்பி. நம்ம ஆத்த நெனச்சுப் பாருங்க. குறுக்குத்துறையில போயி ஒரு முழுக்குப் போடணும்னா கடப்பாரை கொண்டு போகணும்."

போய் இறங்கிய அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். முதலில் காட்டியது பூஜை அலமாரியை அல்ல, நிலவறையில் இருந்த மெயின் வால்வை. "மாமா, என்ன ஆனாலும் மொதல்ல இத மூடிருங்க. பொறவு என்னைக் கூப்பிடுங்க." முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் தன்னை நம்பி யாரும் இப்படி ஒரு பொறுப்பை ஒப்படைத்ததில்லை என்று அண்ணாச்சி சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

அங்கே அவர் பார்த்த வேலைகளை மனப்பாடமாகச் சொல்வார். தோட்டத்து ஹோஸைக் கழற்றி, வெளிக்குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய பைப்புக்கு நுரை உறை மாட்ட வேண்டும். ஊருக்குப் போனாலும் வீட்டு ஹீட்டரை 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. நம் கணக்கில் 13. கடுங்குளிர் இரவில் குழாயை லேசாகச் சொட்ட விட வேண்டும். சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துபோட வேண்டும், வீட்டுச் சூடு பைப்புக்கும் கிடைக்கட்டும் என்று.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் மதினிக்கும் அவருக்கும் தகராறு. ராத்திரி அலமாரியைத் திறந்துபோட்டுத் தூங்கினால் வீடு விளங்குமா? மதினி மூடுவார். அண்ணாச்சி எழுந்து திறப்பார். பிள்ளைக்குப் பால் காய்ச்ச எழுந்த மதினி மறுபடியும் மூடுவார். அந்தக் குளிர்காலம் முழுக்க, மினசோட்டாவில் ஒரு சமையலறைக் கதவு விடிய விடிய உறங்கவில்லை.

விஞ்ஞானமும் சொல்வார். தண்ணீர் ஐஸாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. ஆனால் பைப்பை உடைப்பது ஐஸ்கட்டி இல்லையாம். ஐஸ் அடைத்துக்கொண்டே வர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக இடமில்லாமல் நெருக்குகிறது. அந்த அழுத்தத்தில்தான் வெடிக்கிறது. குழாய் சொட்டினால் அழுத்தம் இறங்கிவிடும். "கோவத்த உள்ளயே வச்சிருந்தா வெடிக்கும் தம்பி, சொட்டுச் சொட்டா வெளிய விட்டுரணும்" என்பார். இதைச் சொல்லும்போது மதினி பக்கம் பார்க்க மாட்டார். ஒருமுறை தெருப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தார். விஞ்ஞானம் வென்றது. கண்ணாடிச் சில்லை மதினி பொறுக்கினார்.

ஊர் திரும்பியபின் வந்த முதல் மார்கழியில் நடந்தவற்றை நான் கண்ணால் கண்டேன்.

முதல் இரவே அடுக்களைக் குழாயை நூல்போலத் திறந்துவிட்டார். தண்ணீர் சொட்டும் வீட்டில் காசு தங்காது என்று நம்புகிற ஊர் இது. மதினி ஒன்றும் சொல்லவில்லை. அடியில் ஒரு குடத்தை வைத்தார். விடிவதற்குள் குடம் நிறைந்திருந்தது. அதை எடுத்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார். மார்கழி முழுக்க இப்படியே போயிற்று. குழாய் உறையவில்லை. "பாத்தீங்களா?" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது வாஷிங் மெஷின். குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டில் மெஷினுக்குள் தங்கும் தண்ணீர் உறைந்து பம்பை உடைக்கும் என்பதால், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவத்தை உள்ளே ஊற்றி வைப்பார்கள் அங்கே. வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போய் அதைக் கேட்டிருக்கிறார். கடைப்பையன் யோசித்துவிட்டு, கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை கூலண்டை எடுத்து வைத்தான். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "எல, இது எத்திலீன் கிளைக்கால். வெசம். நான் கேக்கது புரொப்பிலீன் கிளைக்கால்." பையன் அசரவில்லை. "அண்ணாச்சி, நம்மூர் மெஷினுக்கு ஆகாதது போர்த் தண்ணியில இருக்க உப்புல்லா. உப்பு எடுக்கப் பவுடர் இருக்கு, தரட்டா?" அதெல்லாம் மினசோட்டாவில் சொல்லித்தரவில்லை. வெறுங்கையோடு வந்தார். அந்த மெஷின் பிறகு பழுதானது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பனி அல்ல.

டீக்கடையில் அவருடைய பெரிய ஆயுதம் கராஜ் ஃப்ரிட்ஜ். மகள் வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் ஒன்று, துருவிய தேங்காயும் கருவேப்பிலையுமாக. கடுங்குளிரில் ஒருநாள் திறந்தால் ஃப்ரீசரில் இருந்த தேங்காய்த் துருவல் இளகிக் கிடக்கிறது. "வெளிய குளிரு கூடிப்போச்சுன்னா உள்ள ஐஸ் உருகிரும் வே!" பெஞ்சில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் மனிதர் சொன்னது உண்மைதான். சாதாரண ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட் பார்ப்பது கீழ்த்தட்டின் குளிரை. கொட்டகையே இரண்டு மூன்று டிகிரியில் இருந்தால் கீழ்த்தட்டு சும்மாவே குளிர்ந்திருக்கும், கம்ப்ரசருக்கு வேலையில்லை, அது ஓடாவிட்டால் ஃப்ரீசருக்குக் குளிர் ஏது? இதற்கென்றே ஃப்ரிட்ஜுக்குள் மாட்டும் சின்ன ஹீட்டர் விற்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கு ஹீட்டர் என்றதும் கடைக்காரர், அண்ணாச்சியின் டீயில் சர்க்கரையைக் குறைக்கலாமா என்று யோசித்ததாகத் தெரிகிறது.

அன்றைக்குப் பார்த்து அந்தப் பெஞ்சில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதுவரை வாயைத் திறக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "லே பக்கம் டீசலே கெட்டிப்பட்டுரும். வண்டிக்கு அடியில ஸ்டவ்வ வச்சுத்தான் கெளப்புவோம்." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். (லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது, அதற்கு முந்தைய காலத்து ஆள் இவர்.) அண்ணாச்சி இரண்டு நாள் டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பொதுவாக யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்: "ஏன் வே, லே-யில வாஷிங் மெஷின் உண்டுமா?"

இவரைக் கேலி செய்துகொண்டே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு மாடியில் பைப் தெறித்து, சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அந்த வீட்டுக்காரர் எந்த வால்வை மூடுவது என்று தெரியாமல் மேலும் கீழும் ஓடினார். அண்ணாச்சி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரே திருகு. நின்றது. தெருவில் இருபது வீடு. தன் வீட்டு கேட் வால்வு எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். எனக்கும் அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

உடைந்த பைப்பை மாற்ற வந்த பிளம்பர், அண்ணாச்சி மாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பைப்புக்குக் காய்ச்சலா?" என்றார். பிறகு கிட்டே போய்த் தடவிப் பார்த்து, "ஆனா இது நல்லதுதான். பிவிசி வெயில் பட்டுப் பட்டுத்தான் நொறுங்குது. சித்திரையில கட்டி வச்சீங்கன்னா மத்தியானம் தண்ணியும் கொதிக்காது" என்றார். நம்மூர்க் குழாய்க்கு அந்தச் சாரத்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரே உபகாரம் அது. ஆனால் அண்ணாச்சி முறை தவறாதவர். பங்குனி பிறந்ததும், குளிர்காலம் முடிந்தது என்று எல்லாவற்றையும் அவிழ்த்துத் துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

எங்கள் ஊரின் குளிர்காலத்தில் வீட்டுச் சாமான்களைத் தேடி வருவது ஐஸ் அல்ல, ஆறு. வெள்ளம் வரப்போகிறதென்றால் குறுக்குத்துறை முருகன் கோயிலில் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் ஆற்றுக்குள்ளேயே முங்கி இருப்பார். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெண்களுக்கு இந்த வழக்கம் போதும், வேறு பாடம் வேண்டாம். சாமியே சாமானை மேலே ஏற்றுகிறது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. 17-ஆம் தேதி மத்தியானமே மதினி மிக்ஸி, இன்டக்ஷன் அடுப்பு, அரிசி டிரம், பத்திரப் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றொன்றாக மாடிக்கு ஏற்றிவிட்டார். ஃப்ரிட்ஜையும் ஏற்றலாம், நாலு பையன்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி அப்போது மாடியில் மழைக்கோட்டோடு நின்று, நனைந்து இளகிய சாரத்துக்கு மேல் பாலித்தீன் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தா வாரேன் ஏளா. இது ஈரமாச்சுன்னா பைப்புக்கு ஆகாது."

ராத்திரி தண்ணீர் நடைப்படி ஏறியது. அவர் உடனே மெயின் சுவிட்சை இறக்கினார். மெயின் வால்வையும் மூடினார். தெருவே தண்ணீராக இருக்கும்போது வால்வை மூடி என்ன என்று நான் கேட்கவில்லை. கதவு மூடிய ஃப்ரிட்ஜ் மிதக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது மெல்ல எழும்பி, ஒருமுறை வட்டமடித்து, பட்டாலைத் தூணில் முட்டிச் சாய்ந்தது.

வெள்ளம் வடிந்து மின்சாரம் வந்ததும் அண்ணாச்சி பிளக்கைச் சொருகப் போனார். மதினி கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மெக்கானிக் வந்து, சேற்றைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் போட்டார்கள். இதை மட்டும் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்: வெள்ளத்தில் நனைந்த எதையும், காய்ந்துவிட்டதுபோல இருக்கிறதே என்று நம்பிச் சொருகிவிடாதீர்கள். அந்த ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது, கொஞ்சம் உறுமும்.

தெருவில் எத்தனையோ வீட்டில் என்னென்னவோ போயிற்று. அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடிக் குழாய்க்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தன் சாரத்தின் மகிமையாகவே அவர் இன்றுவரை சொல்லிவருகிறார். சாரத்தின் மடிப்புக்குள் கூடு கட்டியிருந்த அணிலின் இரண்டு குட்டிகளும் பாலித்தீனுக்குள் நனையாமல் பிழைத்துக்கொண்டன.