சிகாரி அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில், திவான் ராஜா கேசவதாஸ் அதை ஸ்தாபித்த காலந்தொட்டு விற்காத சரக்கு இல்லையென்பது பிரசித்தம். ஆனால் மிளகும் சுக்கும் புகையிலையும் வாங்கக் காசு வேண்டும். இனாமாகக் கிடைப்பது சிகார் என்னும் வேட்டை விருத்தாந்தம் ஒன்றுதான். மண்டிகளில் வியாபாரம் மந்தப்படும் சாயங்கால வேளையில், ஏதாவதொரு கடையின் மிளகாய்ச் சாக்கின் மேல், அந்த அனந்தபுரிப் புழுக்கத்திலும் கழுத்தில் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, மீசையை முறுக்கியபடி வீற்றிருப்பவரே சிகாரி அண்ணாச்சி. பெயரைச் சொல்லாததற்குக் காரணம் பயமல்ல. அவர் ஒருவரல்லர், தெருவுக்குத் தெரு உண்டு.

ஊரிலுள்ள மற்ற வேட்டைக்காரர்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சொல்லிப் பெருமை கொள்வார்கள். அண்ணாச்சியின் ஆயுதமோ பாயிண்ட் டூ டூ ரைபிள். அதிலும் குழல் குட்டை. "ஈற்றைக் காட்டுக்குள்ளே நீளக்குழலைத் திருப்பி முடிக்கதுக்குள்ளே மிளா பாண்டிக்குப் போய்ச் சேர்ந்திரும் மக்கா!" என்பது அவருடைய நியாயம். பக்கத்து ஜவுளிக்கடைக் கஜக்கோலை வாங்கித் தோளில் சாத்திக் குழலின் நீளத்தைக் காட்டுவார். அந்த நீளம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்து, இப்போது முழங்கையளவில் வந்து நிற்கிறது. குழல் குறையக் குறைய மிளா என்கிற கடமானும் கிட்டே வந்துவிட்டது. ஆதியில் அறுபது கஜத்துக்கு அப்பால் நின்ற பிராணி, நெய்யாற்றுக் காடு 1958-இல் சரணாலயமான பிறகு இருபது கஜத்துக்கு வந்து, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஏழே அடியில் நின்று அண்ணாச்சியின் முகத்தில் மூச்சுவிடுகிறது. சாட்சி உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் தயார். சம்பவம் நடந்தது கீரிப்பாறைக் காட்டில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்தக் காடு கன்னியாகுமரி ஜில்லாவோடு சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டபடியால், கூட வந்த காணிக்காரரும் அங்கேயே தங்கிவிட்டாராம். துப்பாக்கியோ, பழுதுபார்க்கக் கொடுத்த இடத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை.

அவருக்குக் காட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதென்று சொன்னால் அது அபாண்டம். மிளாவுக்குக் கண்ணைவிட மூக்கே கூர்மை, ஆகவே காற்றடிக்கும் திசைக்கு எதிராகவே அதை அணுகவேண்டும். சந்தேகம் தட்டினால் அது முன்னங்காலைத் தரையில் அறைந்து, வாலைத் தூக்கி, காடே அதிரக் குரல் கொடுக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லும் சத்தியமான செய்திகள். அந்தக் குரலை அவர் ஒருநாள் அபிநயித்தபோது, வழியே போன சுமட்டுக்காரர் தலைச்சாக்கைக் கீழே போட்டுவிட்டார். காற்றின் திசையைச் சாம்பல் தூவிப் பார்ப்பது வேட்டைக்காரர் வழக்கம். சாலையில் சாம்பலுக்கு எங்கே போவது? கைக்கு அகப்பட்ட பொடியை அள்ளி அண்ணாச்சி உயரே தூவினார், அது மிளகாய்ப்பொடி. காற்று மேற்கேயிருந்து வீசியது என்பதைக் கடையின் கிழக்கே நின்ற அத்தனை பேரும் தும்மியே ஊர்ஜிதம் செய்தார்கள்.

என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் கணக்குப் பார்க்கிறோம். பாயிண்ட் டூ டூ குண்டு ஒன்றின் எடை சாதாரணமாக 40 கிரெயின். மூன்று குண்டுகளைத் தராசில் போட்டால் ஏறக்குறைய ஒரு பவுன் தேறும். முதிர்ந்த கலைமிளாவோ இரண்டு மூன்று குவின்டால். அந்தத் தோட்டாவின் மருந்து பதினாறு அங்குலக் குழலுக்குள்ளேயே ஏறத்தாழ எரிந்து தீர்ந்துவிடும். அதற்குக் கீழே குழலைக் குறைத்தால் குண்டின் வேகம் குறையுமேயன்றி வெடிச்சத்தம் குறையாது. ஏழு அடியிலிருந்து சுட்டாலும், குண்டு மர்ம ஸ்தானத்தில் தைக்காவிட்டால், காயத்தோடு ஓடும் மிருகம் எங்கேயோ ஒரு புதருக்குள் நாட்கணக்கில் கிடந்து சாகும். சொந்தமாகத் துப்பாக்கியும் லைசென்சும் வைத்திருந்த கனவான்களில் இந்தப் பாதகத்தைச் செய்து, அதைச் சாமர்த்தியமென்று எண்ணியவர்கள் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் நம் அண்ணாச்சி உத்தம புருஷர் என்பதே என் அபிப்பிராயம். அவர் சுட்ட மிளாக்கள் யாவும் மறுநாள் சாயங்காலம் மறுபடியும் உயிரோடு எழுந்து வந்துவிடுகின்றன, அதுவும் முந்தின நாளைக்காட்டிலும் இரண்டு சாண் உயரமாக.

கேட்க விரும்புகிறவர்கள் ஐந்து மணிக்கு மேல் சாலைக்கு வரலாம். சாயாக்காசு கேட்பவருடையது.