மீனுக்குக் கோபம் வரவழைப்பது எப்படி

சிங்கப்பூரில் மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். அவற்றில் சிலவற்றில், பலகை வைத்து அனுமதித்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு மீன் பிடிக்கலாம். ஆனால் புழு கூடாது, இறால் கூடாது, ரொட்டித் துண்டு கூடாது. செயற்கை இரை மட்டும்தான். ஊரே குடிக்கிற தண்ணீர், அதில் கண்டதையும் போட்டால் என்ன ஆவது என்கிற நியாயமான கவலை. ஆக, இங்கே மீனுக்கு ஒரு வாய் சாப்பாடு போட்டால் குற்றம். ஏமாற்றினால் சட்டப்படி சரி.

ஏமாற்றுவதிலும் நான் இருப்பது சிறுபான்மைக் கட்சியில். தண்ணீருக்கு அடியில் ஓடும் இரையைக் கட்டினால் மீன் அதிகம் கிடைக்கும். இதை நான் மறுக்கவில்லை. மீன் குடியிருப்பது கீழே, அதன் சாப்பாடும் பெரும்பாலும் அங்கேதான். ஆனாலும் டாப்வாட்டர்க்காரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. மிதக்கிற இரையைத் தவிர வேறெதையும் நூலில் முடிய மாட்டோம். மீன் வந்து அடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், காதால் கேட்க வேண்டும். பிடிபடுவது இரண்டாம்பட்சம். பல நாள் மூன்றாம்பட்சம்.

பசித்த மீனை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். அதற்கு ஒரு புழு போதும். மேல்மட்டத்துக்காரன் நம்பியிருப்பது மீனின் கோபத்தை. எங்கள் நல்லகாலம், கோபத்துக்குப் பெயர்போன இரண்டு மீன்கள் இங்கே இருக்கின்றன.

ஒன்று பீகாக் பாஸ். அமேசான், ஒரினோகோ ஆறுகளின் பக்கத்து வம்சம். மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே பெருகி, விண்ணப்பம் போடாமலே நிரந்தரவாசி ஆகிவிட்டது. வால் அடியில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், பார்த்தால் கண் மாதிரியே இருக்கும். முகத்தில் இருக்கும் உண்மையான கண்ணோ செக்கச்சிவப்பு. யாரிடமும் தன்மையாகப் பேசி வளர்ந்த மீன் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். முட்டையிட்டால் ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது வந்தாலும் அடிதான். தின்பதற்கல்ல, துரத்துவதற்கு.

இன்னொன்று டோமான். இந்த வட்டாரத்தின் பூர்வகுடி, நம் விராலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வாய் நிறையப் பல். கேரளத்து ஆறுகளில் இருப்பதும் இதே மீன்தான் என்று நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2011ல்தான் அது தனி இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்தார்கள். இந்தக் குடும்பத்துக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு மடக்குக் காற்றுக் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஒளிந்திருப்பவன் தானே வந்து கதவைத் திறந்து முகம் காட்டிவிட்டுப் போவதால் எங்களுக்குத் தேடும் வேலை மிச்சம்.

டோமான் குஞ்சுகள் செந்நிறத்தில் ஒரு திரளாக மேல்தண்ணீரில் கொப்பளிக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தத் திரளின் நடுவில் ரப்பர் தவளையை எறிந்தால் அடி நிச்சயம். எறிகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளை மிரட்டிப் பெற்றோரை வெளியே வரவழைப்பது ஆ லோங் வட்டிக்காரன் செய்கிற வேலை என்பது என் அபிப்பிராயம். பெற்றோரைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு கை பார்த்துவிடும். கோபம் வரவழைப்பதிலும் ஒரு தர்மம் வேண்டாமா?

கோபம் வரவழைக்கும் சாமான்கள் ஏராளம். வாய் குழிந்த பாப்பர், இழுக்கிறபோதெல்லாம் ‘ப்ளக்’ என்று தண்ணீரைத் துப்பும். வாலில் விசிறி வைத்தது சலசலத்துக்கொண்டே வரும். வயிற்றுக்குள் எஃகுக் குண்டு போட்டது கிலுகிலுக்கும். உள்ளே வெறுங்கூடான தவளைக்கு இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டியிருப்பதால், பாசிக்கு நடுவிலும் சிக்காமல் தாவி வரும். எனக்குப் பிடித்தது பென்சில். அதற்கு வாயும் கிடையாது, விசிறியும் கிடையாது. மொழுமொழுவென்று ஒரு குச்சி. நூலைத் தளர்வாக விட்டு, ராடின் நுனியைச் சீரான தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தால் இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டே வரும். ‘வாக் தி டாக்’ என்பார்கள். வித்தை முழுவதும் மணிக்கட்டில் இருக்கிறது. லோவர் சிலேத்தார் மீன்பிடி மேடையில் நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருந்த நம்மூர்ப் பெண்ணொருத்தி நின்றாள்.

“அங்கிள், எத்தனை நாளா கை இப்படி நடுங்குது?”

“நடுங்கலம்மா. நாய் நடத்துறேன்.”

தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “வீட்ல யாராச்சும் கூட வந்திருக்காங்களா?” என்றாள், இன்னும் மென்மையாக.

இந்தக் கலையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் என்று அமெரிக்கரான ஜேம்ஸ் ஹெடனைச் சொல்வார்கள். மிச்சிகன் மாநிலத்தில் டொவாஜியாக் என்கிற ஊர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், குளக்கரையில் உட்கார்ந்து சும்மா ஒரு மரத்துண்டைச் சீவித் தண்ணீரில் வீசினாராம். பாஸ் மீன் ஒன்று எகிறி வந்து அதை அடித்ததாம். மரத்துண்டைத் தின்ன மீனுக்கு என்ன தலையெழுத்து? கோபம்தான். ஹெடன் அடிப்படையில் தேனீ வளர்த்தவர். ஒரு ஜீவனை எவ்வளவு தூரம் சீண்டலாம் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு அவர் குடும்பம் அதையே பெரிய தொழிலாக்கியது. அவர்களுடைய ஸாரா ஸ்பூக் என்கிற மிதக்கும் இரை இன்றும் விற்கிறது. ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில் ஸரகோஸா தெருவில் மாலை வேளைகளில் நின்ற பெண்களின் நடையை நினைத்து வைத்த பெயர் என்பது தூண்டில்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வீட்டில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “யாருங்க இந்த ஸாரா?” என்று மனைவி கேட்டாள். “அமெரிக்காவுல ஒரு தெரு” என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மீனுக்குக் கோபம் வர நேரம் காலம் உண்டு. வெளிச்சம் வரும்போதும் போகும்போதும்தான் மேல்மட்டத்தில் சண்டை சூடுபிடிக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும். 1982 பிறந்தபோது நாடே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டது. மற்ற நாட்டுக்காரர்களைப்போல் நடுச்சாமத்தில் எழ வேண்டியதில்லை, கோப்பி குடித்துவிட்டு ஆற அமரப் போகலாம். ஆனால் மீன் கோபப்படும் நேரமும் முதலாளி கோபப்படும் நேரமும் ஒன்றாகிவிட்டது. வார நாட்களில் கரையில் தென்படுபவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், அல்லது விரைவில் அனுப்பப்படப்போகிறவர்கள்.

சரி, மீனுக்குக் கோபம் வந்துவிட்டது. அடிக்கிறது. தண்ணீர் வெடிக்கிறது. அங்கேதான் கஷ்டம். சத்தம் கேட்டவுடன் ராடை இழுக்கக் கூடாது. மீன் பல சமயம் வாலால் ஒரு அறை அறைந்துவிட்டுப் போகும், அல்லது குறி தப்பும். கையில் கனம் தெரிகிறவரை பொறுக்க வேண்டும். அடித்துவிட்டு விட்டுப்போனாலும் பதறக் கூடாது. இரையை அப்படியே மிதக்கவிட்டால் திரும்பி வர வாய்ப்பு உண்டு. வலியப் போய் வம்பிழுத்துவிட்டு, அடி விழுந்ததும் தியானத்தில் நிற்கச் சொல்கிறது இந்த ஆட்டம். மனித சுபாவத்துக்கு நேர் எதிர். கோபக்கார மீனுக்கு எதிரே சாந்த சொரூபியாக நிற்கத் தெரிந்தவர்கள், என் அனுபவத்தில், ரீல் வாங்க மாட்டார்கள், கோயில் கட்டுவார்கள்.

எங்கள் மேடையில் ஒரு சீன அங்கிள் உண்டு. எழுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் ஆசான். யாருடைய இரையில் அடி விழுந்தாலும், “வெய்ட் லா! வெய்ட்!” என்று கரை அதிரக் கத்துவார். அவருடைய பாப்பரில் ஒரு நாள் அடி விழுந்தது. நான் இதுவரை கேட்டதிலேயே பெரிய ‘டப்பு’. அங்கிள் ராடை இழுத்த வேகத்தில் பாப்பர் மட்டும் எங்கள் தலைக்கு மேலே பறந்துபோய்ப் பின்னால் இருந்த மரத்தில் தொங்கியது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அங்கிள் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். “சின்ன மீன்” என்றார்.

எங்களைவிடப் பெரிய நிபுணர்கள் நீர்நாய்கள். குடும்பமாக வருவார்கள். நூல் இல்லை, ரீல் இல்லை, மணிக்கட்டு வித்தை இல்லை. ஒன்று உள்ளே போகும், பீகாக் பாஸோடு வெளியே வரும், எங்கள் எதிரிலேயே தலையிலிருந்து கடித்துத் தின்னும். ஓடிக்கொண்டிருப்பவர்களெல்லாம் நின்று அதைப் படம் எடுப்பார்கள். எங்களை யாரும் எடுத்ததில்லை. நீர்நாய் வந்துவிட்டால் மீன்கள் கோபத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு உயிரைப் பார்க்கத் தொடங்கிவிடும். நாங்களும் பெட்டியை மூடிவிடுவோம்.

இந்த விளையாட்டில் ஆகும் செலவைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. நல்ல ஜப்பானியப் பாப்பர் ஒன்றின் விலைக்கு ஒரு குடும்பம் உணவங்காடியில் வயிறு நிறையச் சாப்பிடலாம். அதை எறிந்து, கஷ்டப்பட்டு ஒரு டோமானைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, பக்குவமாகத் தண்ணீரில் விட்டுவிட்டு, பசியோடு கோப்பிக் கடைக்குப் போய் மீன் சூப் கேட்போம். அந்த சூப்பில் துண்டு போட்டிருப்பது பல கடைகளில் டோமான்தான். வளர்ப்பு டோமான். அதைப் பிடிக்கக் கோபம் தேவைப்பட்டிருக்காது.

போன மழைக்காலத்தில் அங்கிளுக்கு உண்மையாகவே ஒரு டோமான் மாட்டியது. இந்த முறை பொறுத்தார். கரைக்குக் கொண்டுவந்து, குனிந்து, வாயைப் பிடிக்கப்போனார். பாப்பருக்கு மூன்று முனை முள் இரண்டு. முன் முள்ளில் மீன் இருந்தது. அது ஒரு துள்ளு துள்ளியதில் பின் முள்ளில் அங்கிளின் கட்டைவிரல் ஏறிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பாப்பரில். அடுத்த துள்ளலில் மீன் கழன்று போய்விட்டது. அங்கிளைக் கழற்ற மருந்தகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

மறுநாள் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட விரலோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆவி பறக்க ஒரு பெரிய கிண்ணம். விரால் சாதி மீனின் சூப் குடித்தால் புண் சீக்கிரம் ஆறும் என்பது இங்கே சீனர், மலாய்க்காரர் இருவருக்குமே உள்ள நம்பிக்கை. அவர் மனைவி விடிகாலையிலேயே ஈரச்சந்தைக்குப் போய் ஒரு முழு டோமான் வாங்கி வந்திருந்தார்.

“எவ்வளவு ஆச்சு ஆன்ட்டி?” என்றேன்.

“அவரோட பாப்பரைவிடக் குறைவு” என்றார் ஆன்ட்டி. “இழுக்கவும் வேண்டாம். கடைக்காரனே பையில போட்டுக் கொடுத்துட்டான்.”

அங்கிள் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இது சின்ன மீன்” என்றார்.