திட்டம் போடும் சுகம்

டெக்சஸ் மாநிலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனுக்குரிய பண்பு என்ற ஐந்தையும் ஒழுங்காகச் சொல்லித் தந்தால் போதும். வீட்டுப்பள்ளியும் ஒருவகைத் தனியார் பள்ளிதான் என்று 1994இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அனுமதி கேட்க வேண்டாம், அரசாங்கப் பரீட்சை கிடையாது, இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

இன்ஸ்பெக்டர் இல்லாத பள்ளிக்கூடம் நம்மவர்களுக்குச் சரிப்பட்டு வருமா? டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்தக் காலியிடத்தை என் வீட்டுக்காரர் தாமாகவே நிரப்பிக்கொண்டார். சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. "இந்த வருஷம் இங்கிலீஷுக்கு என்ன பிளான்?" என்று கேட்டார். "புஸ்தகம் இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்" என்றேன். கல்யாணத்துக்கு நாள் குறிக்காமலே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அன்று ராத்திரியே எக்செல் திறந்தாயிற்று.

அமெரிக்கப் பள்ளிகளின் ஆண்டு பெரும்பாலும் 36 வாரம், 180 நாள். நாளுக்கு ஒரு வரி. எழுத்தின் ஒலியைச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸுக்கு மஞ்சள், கையெழுத்துக்கு நீலம், வாசிப்புக்குப் பச்சை. பார்க்கப் பார்க்க எனக்கும் பித்துப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் திட்டம் போடுவதில் இருக்கும் சுகம் பாடம் நடத்துவதில் இல்லை. திட்டத்துக்கு மூக்கு ஒழுகாது. பாதியில் பாத்ரூம் போகணும் என்றும் கேட்காது.

பிறகு லேமினேட்டர் வந்தது. எட்வர்ட் டோல்ச் என்பவர் 1936இல் தொகுத்த அடிக்கடி வரும் 220 சொற்களை அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, சூடான பிளாஸ்டிக் வாசனையோடு வெளியே எடுத்து, குத்தாமலிருக்க நாலு மூலையையும் கத்தரிக்கோலால் உருட்டி வெட்டினேன். 220ம் முடிந்தபிறகும் கை நிற்கவில்லை. எங்கள் சமையலறையில் துவரம்பருப்பு டப்பாவின் லேபிள்கூட இன்று தண்ணீர் பட்டால் நனையாது.

சார்லட் மேசன் என்று ஓர் ஆங்கிலேய அம்மையார், 1923இல் காலமானவர். இங்கே பல வீட்டுப்பள்ளித் தாய்மார்களுக்குக் குலதெய்வம் மாதிரி. ஆறு வயதுவரை முறையான பாடமே கூடாது என்பார். அதன் பிறகும் பாடங்கள் குட்டிக் குட்டியாக இருக்க வேண்டும். படித்துக் காட்டிய கதையைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குப்படி மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் விடுமுறை. ஆனால் அண்ணனுக்குக் கலர் இருந்தால் தனக்கும் வேண்டும் என்று அழுது ஆரஞ்சு வாங்கிக்கொண்டாள்.

திருப்பிச் சொல்வதற்குத் தாகமான காகம் கதையை எடுத்தேன். மகன் கச்சிதமாக முடித்தான்: "க்ரோ வாஸ் தர்ஸ்ட்டி. க்ரோ ட்ராங்க். தி எண்ட்." மகளுக்குக் கதை முடியவில்லை. "அம்மா, கல்லெல்லாம் போட்டா தண்ணி அழுக்காயிடாதா? அந்தப் பானை யாருது?" பானைக்காரி வந்து காகத்தைத் திட்டும் காட்சி அரைமணி நேரம் நடந்தது, முழுக்கத் தமிழில். எக்செல்லில் அதற்குக் கலம் இல்லை.

கும்பகோணத்திலிருந்து வீடியோ காலில் மேற்பார்வை பார்க்கும் என் அம்மாவுக்கு வேறு கவலை. எங்கள் ஃபோனிக்ஸ் பாடம் ஏ, பி, சி என்று தொடங்காது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்று தொடங்கும். இந்த ஆறை வைத்தே சாட், பின், டாப் என்று நிறையச் சொற்கள் கட்டலாம் என்பது காரணம். "தலையும் இல்லாம வாலும் இல்லாம இது என்னடி படிப்பு?" என்றாள். வாலுக்கு வந்தபோது பேத்தி அமெரிக்கப் பாணியில் "ஸீ" என்று முடிக்க, "இசட்டை யாருடி தூக்கிண்டு போனா?" என்று இன்னொரு பஞ்சாயத்து.

வாசிப்புக்கு எடுத்தது டாக்டர் சூஸின் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்', 1960இல் வந்த புத்தகம். வெறும் 50 சொற்களால் ஒரு கதை எழுத முடியாது என்று பதிப்பாளர் பந்தயம் கட்ட, அதற்காகவே எழுதியது. 50 என்றதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நாளுக்கு 5 சொல், 10 நாள், பச்சை. முதல் நாளே மகன் சோபாவில் தலைகீழாகத் தொங்கியபடி முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு ஓடினான். மகள் ஓர் எழுத்தும் படிக்காமல், பக்கம் சரியாகப் புரட்டி, மனப்பாடமாக ஒப்பித்தாள். ஹாம் என்றால் என்னவென்று பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. மீதி ஒன்பது நாளை என்ன செய்வது என்று வீட்டுக்காரர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை தாமதமானால் சிவப்பு. சீக்கிரம் முடிந்தால் என்ன கலர் என்பதை அவர் ஆபீசில் யாரும் சொல்லித்தந்ததில்லை.

வசந்தகாலத்தில் வீட்டுப்பள்ளித் தாய்மார்கள் பழைய பாடப்புத்தகங்களை மலிவாக விற்பார்கள். போனேன். எந்தப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினாலும் மூன்றாவது பாடத்தோடு பென்சில் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் கைபடாத வெள்ளைத் தாள். விற்ற பெண்மணி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். நானும் பதிலுக்குச் சிமிட்டிவிட்டு, பேரம் பேசி இரண்டு செட் வாங்கிவந்தேன். அடுத்த வருஷத்துக்கு. வீட்டுக்காரர் ஊதா ஒதுக்கியிருக்கிறார்.